சிலேட்டும் ஏடும்: கணித மேதை இராமானுஜன் வாழ்வில் எழுதப்படாத படிகள்

திருவில்லிபுத்தூர் மண்ணில் தோன்றிய இரு ஆழ்வார்களின் பாடல்களைப் பயில்வோர் மூலத்தோடு அமைந்துவிடுவதில்லை. ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பதே பாடல்கள். அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை வரைந்த உரையோ மூவாயிரப்படி எனப் பெயர் பெற்றது. பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோகவே, பின்வந்த மணவாள மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் தாமே உரை எழுதி நிறைவு செய்தார் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி. அந்த ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்த இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜாவின் உழைப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. செறிந்து கிடப்பதை விரித்துக் காட்டுவோர் இல்லையேல் செறிவின் பயன் பலரைச் சென்று சேராது.

நூற்பாவும் உரையும் என்னும் இவ்விரட்டை மரபில் பழகிய தமிழர்க்கு, கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வு புதியதொரு பொருள் தரும். அவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளைத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் எழுதி வைத்தாரல்லர். நூற்பா மட்டும் எழுதி உரை எழுதாமற் சென்ற அப்பேராசிரியருக்கு, உரை எழுதி முடிக்க உலகுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அவ்வெழுதாமை அவருக்கு விளைத்த துன்பமும், எழுதக் கற்றபின் அவர் எய்திய உயர்வும் கணிதம் பயில்வோர் அனைவரும் அறியத்தக்கவை.

விடைகளின் நூல்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் அவர் வளர்ந்தார். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல்வராகத் தேறி, மறு ஆண்டு நகர உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதுக்குள் தாமே கற்று முடித்தார்.

1903-இல் அவர் கைக்கு வந்தது வேறொரு நூல். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவரைப் பயிற்றும் தனியாசிரியர். அவர் தொகுத்த கணித முடிவுகளின் சுருக்கம் அது. ஐயாயிரத்தை ஒட்டிய தேற்றங்களும் வாய்பாடுகளும் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் பலவிடத்து இல்லை. இருந்த இடத்தும் ஓரிரு குறிப்புகளே. தேர்வுக்கு முன்னர் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள எழுதப்பட்ட அந்நூலை, வழிகாட்ட ஆசிரியரில்லாத பதினைந்து வயதுச் சிறுவன் கணிதத்தின் முழுவடிவம் எனக் கொண்டான்.

இதன் விளைவு இருவகைப்பட்டது. ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிறுவிப் பார்க்கவேண்டிய கட்டாயம் அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கியது. மற்றொரு புறம், கணிதத்தை எழுதும் முறையே அதுதான் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. முடிவை எழுதுக, வழியை விடுக என்பதே கார் நூல் சொல்லாமற் சொன்ன பாடம். இராமானுஜனின் குறிப்பேடுகள் அந்நூலின் சாயலிலேயே அமைந்தன.

வறுமை எழுதிய இலக்கணம்

குறிப்பேடுகளில் நிறுவல் இல்லாமைக்கு நூல் ஒன்று மட்டும் காரணமன்று. தாளின் விலையும் காரணம். இராமானுஜன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்கிடுவார். எழுதி நிரம்பியதும் துணி தேடிக் கை நீளாது. முழங்கையாலேயே துடைத்துவிட்டு மேலே தொடர்வார். முடிவு கிட்டிய பின்னரே அதை மட்டும் ஏட்டில் மையால் பதிவு செய்வார். தாளில் எழுதுவதானால் மாதத்துக்கு நான்கு ரீம் வேண்டும், உணவுக்கே வழியில்லாத நிலையில் தாளுக்கு எங்கே போவது என அவர் நண்பரிடம் கூறியதாக வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. வழியெல்லாம் முழங்கையில் சுண்ணாம்புத் தூளாகக் கரைந்தது. ஊர் மட்டும் ஏட்டில் நின்றது.

1904-இல் பள்ளியிறுதியில் கணிதப் பரிசும், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் பெற்றார். கணிதம் தவிரப் பிற பாடங்களில் கருத்தின்றி உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றார், மறு ஆண்டும் தோற்றார். 1909-இல் ஜானகியை மணந்தபோது அவரிடம் பட்டமும் இல்லை, பணியும் இல்லை. இரண்டு குறிப்பேடுகளே சொத்து.

அக்குறிப்பேடுகளைக் கொண்டு அவர் ஆதரவு தேடி அலைந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் நிறுவியவரும் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயர் அவற்றின் பெருமையை உணர்ந்தார். நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துப் புரந்தார். ஆயினும் ஏட்டைப் புரட்டிய பலருக்கும் ஓர் ஐயம் நீங்கவில்லை. வழி காட்டாத விடைகளைக் கண்டு, இவர் மேதையா, மருளரா எனத் தெளிய அவர்களால் இயலவில்லை. படிகள் எழுதப்பட்டிருந்தால் அரைநாளில் தீர்ந்திருக்கக்கூடிய அவ்வையம், அவர் இளமையில் ஆண்டுகள் பலவற்றை விழுங்கியது.

மூன்று என்னும் விடை

1911-இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் இராமானுஜன் விடுத்த ஒரு வினா இன்றும் கணித ஆர்வலர்க்கு இன்பம் பயப்பது. ஒன்றோடு இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலம். அதனுள் ஒன்றோடு மூன்று மடங்கு ஒரு வர்க்கமூலம். அதனுள் ஒன்றோடு நான்கு மடங்கு ஒரு வர்க்கமூலம். இவ்வாறு முடிவின்றி ஒன்றனுள் ஒன்றாகச் செல்லும் அடுக்கின் மொத்த வர்க்கமூலம் யாது என்பது வினா. எவரும் விடை அனுப்பாமையால் இராமானுஜனே விடை கூறினார். விடை 3.

அவர் கண்ட வழி மிக எளிது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம்; 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. ஒவ்வொரு படியிலும் கடைசி எண்ணை எடுத்து அவ்வாறே விரித்துச் சென்றால் வினாவில் உள்ள அடுக்கு தானே உருவாகிறது. பள்ளி மாணவனும் தாளில் எழுதிப் பார்த்து மகிழத்தக்க கணக்கு இது.

ஆனால் எழுதிப் பார்ப்பவன் ஒரு படி மேலே சென்றால் ஒரு திடுக்கீடு காத்திருக்கிறது. 3-க்குப் பதிலாக 4-இல் தொடங்கினால் என்ன? 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 2 × 7½. அந்த 7½ என்பது 56¼-இன் வர்க்கமூலம். 56¼ என்பது 1 + 3 × 18 5/12. இதையும் முடிவின்றி விரித்துச் செல்லலாம். மேலே தோன்றுவதும் அதே அடுக்குத்தான். அப்படியானால் விடை 3 என்பதா, 4 என்பதா?

விடை 3 என்பதே மெய். முதல் வழியில் அடியில் எஞ்சி நிற்கும் எண்கள் 4, 5, 6 என மெல்ல வளர்கின்றன. இரண்டாம் வழியில் அவை 7½, 18, 84 எனப் பாய்ந்து பெருகுகின்றன; பெருகும் அந்த எச்சமே மொத்தத்தை 4 என உயர்த்திக் காட்டுகிறது. எச்சத்தை நீக்கி, அடுக்கை ஓரிடத்தில் நிறுத்தி, நிறுத்தும் இடம் தள்ளிப் போகப்போக மதிப்பு எதை நோக்கி நெருங்குகிறது எனக் காட்டினாலன்றி நிறுவல் முழுமை பெறாது. இராமானுஜன் அளித்த விடையில் அப்பகுதி இல்லை. 1927-இல் அவருடைய கட்டுரைகள் தொகுக்கப்பட்டபோது, இத்தகைய அடுக்குகள் எப்போது ஒரு மதிப்பில் நிலைகொள்ளும் என்பதை டி. விஜயராகவன் ஆராய்ந்து எழுதியது பின்னிணைப்பில் இடம்பெற்றது. இவ்விஜயராகவனே பின்னாளில், 1950-இல் அழகப்பச் செட்டியார் கொடையால் சென்னையில் எழுந்த இராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

விடை சரியாக இருத்தல் வேறு, விடை சரி என அறிந்திருத்தல் வேறு. மேதையின் உள்ளுணர்வு 4-ஐ நாடாமல் 3-ஐ நாடிற்று. அவ்வுணர்வு வாய்க்காத மாணவனுக்கு எழுதப்பட்ட படிகளே அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் விளக்கு.

பத்துப் படிகள்

1911-இல் பெர்னூலி எண்கள் குறித்து இராமானுஜன் எழுதிய முதற் கட்டுரை சங்க இதழில் வெளிவந்தது. அது எளிதில் அச்சேறவில்லை. சொற்சுருக்கமும் தெளிவின்மையும் கண்டு பதிப்பாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைத் திருத்தத்துக்கெனத் திருப்பியனுப்ப நேர்ந்தது. பதினேழு பக்கம் கொண்ட அக்கட்டுரையே, பிறர் படித்துப் பின்பற்றுமாறு எழுதுதலில் அவர் பெற்ற முதற்பயிற்சி எனலாம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் வல்லவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்கிடுவர். இராமானுஜன் ஓரிரு படிகளில் முடிவுக்குத் தாவிவிட, நாராயண ஐயரால் தொடர முடியாது. தாமே தொடர இயலாததைக் கடல் கடந்த அறிஞர் எங்ஙனம் ஏற்பர் எனக் கடிந்து, இரண்டு படிகளுக்கிடையே பத்துப் படிகளாவது எழுதுமாறு அவர் வற்புறுத்தினார் என்பது அவர் குடும்பத்தார் காத்த நினைவு. மேதையின் உயரம் குறையாமல் அவரைத் தரைக்கு இறக்கிப் பிறரோடு நடக்கச் செய்த அந்நண்பரின் தொண்டு பெரிது.

அவ்வச்சம் மெய்யாயிற்று. 1912 இறுதியில் இலண்டன் பேராசிரியர் எம். ஜே. எம். ஹில், இராமானுஜன் விரிதொடர்களின் படுகுழியில் வீழ்ந்துள்ளார் எனக் கருதி, புரோம்விச் எழுதிய நூலைக் கற்குமாறு அறிவுறுத்தினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவருக்கு எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. 1913 சனவரி 16-ஆம் நாள் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய மடலே வாயில் திறந்தது. அம்மடலிலும் பக்கம் பக்கமாக முடிவுகளே இருந்தன. ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஓர் மாலை முழுதும் அவற்றை ஆய்ந்தனர். சில முன்னரே அறியப்பட்டவை. சில அரிதின் முயன்று நிறுவத்தக்கவை. சில எங்கிருந்து வந்தன என்றே விளங்காதவை. அவற்றைப் புனைந்து எழுத எவராலும் இயலாது என்பதே ஹார்டியைத் தெளிவித்தது.

பிப்ரவரி 8-ஆம் நாளிட்ட ஹார்டியின் மறுமொழி ஒன்றையே வலியுறுத்திற்று: நிறுவல்கள் வேண்டும். இராமானுஜன் அனுப்பிய அடுத்த மடலில் மேலும் முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் இல்லை. தம் முறைகளைச் சுருங்கச் சொன்னால் நகைப்புக்கிடமாகும் என அவர் அஞ்சினார். ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்னும் முடிவைத் தம் முறைப்படி கூறினால் தம்மைப் பித்தர் விடுதிக்கு அனுப்புவர் என அவரே எழுதினார். இன்று அம்முடிவுக்குத் தெளிந்த பொருள் உண்டு. அன்று அப்பொருளைச் சொல்லும் மொழி அவரிடம் இல்லை.

இங்கு ஒரு சறுக்கலும் உண்டு. குறித்த எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு அவர் கண்ட சூத்திரம், கணக்கிட்டுப் பார்த்த எண்களில் வியக்கத்தக்க நெருக்கம் காட்டியது. அவர் கருதிய அளவு துல்லியம் எல்லா எண்களுக்கும் அதற்கு இல்லை. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அறியாமையே காரணம். நிறுவலை எழுதத் தொடங்கியிருந்தால் எழுதுகோல் நின்றிருக்கும் இடத்தை, உள்ளுணர்வு அறியாமலே தாண்டிச் சென்றுவிட்டது.

கேம்பிரிட்ஜில் கற்ற எழுத்து

1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருதல் அதன் கட்டளை. மூன்று அறிக்கைகள் அளித்தபின், 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையினின்று கப்பலேறி ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் அடைந்தார்.

ஹார்டி முன் நின்ற கடமை நுண்ணியது. நிறுவல் என்பது யாது என்றே தெளிவாக அறியாத ஒருவருக்கு இக்காலக் கணிதத்தைக் கற்பிக்கவேண்டும்; கற்பிக்கும்போது அவர் ஊக்கத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்துவிடலும் ஆகாது. முறைப்படி எல்லாவற்றையும் புகட்ட அவர் முயலவில்லை. கட்டுரைகளைக் கூடி எழுதியும், எழுதியவற்றைத் திருத்தியும், வினவியும் வழிநடத்தினார்.

அவ்வுழைப்பு விரைவில் பயன் தந்தது. மிகுதியான வகு எண்களைக் கொண்ட எண்கள் குறித்து இராமானுஜன் எழுதிய நெடுங்கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் அறுபது பக்கங்களுக்கு மேல் அச்சாயிற்று. படிகள் வரிசையாக எழுதப்பட்ட அக்கட்டுரைக்கே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றவருக்கு எழுதிய நிறுவல் பட்டம் ஈட்டித் தந்தது. கழகத்தின் பொருள்முடையால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. எழுதப்பட்டு நின்றமையால் அது 1997-இல் அச்சு கண்டது.

அடுத்து எண்களின் பிரிவினை. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் கூட்டி அமைக்கலாம். 200-ஐ எத்தனை வகையில் அமைக்கலாம்? மக்மஹோன் என்பார் கையாற் கணக்கிட்டுக் கண்ட விடை 3,972,999,029,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. 1918-இல் ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட சூத்திரம் எட்டே உறுப்புகளில் இவ்விடையை நெருங்கி, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேறுபாட்டில் நின்றது. சூத்திரத்தின் வடிவத்தை ஊகித்தது இராமானுஜனின் நுண்ணுணர்வு. அதைத் தாங்கி நின்றது ஹார்டியின் நிறுவற் கலை. இருவருள் எவரும் தனித்து இதை முடித்திருக்க இயலாது.

எழுதி வைத்தவர் ஒருவர்

எழுதுதலின் பயனை இராமானுஜனுக்கே உணர்த்திய நிகழ்ச்சி 1917-இல் நேர்ந்தது. முடிவிலாத் தொடர்களையும் பெருக்கங்களையும் இணைக்கும் இரு சமன்பாடுகளை அவர் இந்தியாவிலேயே கண்டிருந்தார். நிறுவல் அவரிடம் இல்லை. ஹார்டியாலும் பிறராலும் நிறுவ இயலவில்லை. 1916-இல் மக்மஹோன் தம் நூலில், நிறுவப்படாதவை என்னும் குறிப்போடே அவற்றைச் சேர்த்தார்.

ஒருநாள் இராமானுஜன் கழகத்தின் பழைய தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எல். ஜே. ரோஜர்ஸ் என்பார் 1894-இல் வெளியிட்ட கட்டுரையைக் கண்டார். அதே சமன்பாடுகள், முழு நிறுவலுடன் அங்கிருந்தன. ரோஜர்ஸ் அன்றும் உயிரோடிருந்தார். எனினும் அவர் கட்டுரையை அனைவரும் மறந்திருந்தனர். இராமானுஜன் அதைப் போற்றினார். பின்னர் இருவரும் புதிய நிறுவல்களை அளித்தனர். இன்று அவை ரோஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள் எனப்படுகின்றன. மேதையால் காண முடிந்ததை எழுதி வைத்தவரால்தான் உறுதி செய்ய முடிந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் எவரும் தீண்டாது கிடந்தும் அந்நிறுவல் தன் வலிமையை இழக்கவில்லை.

இறுதி ஏடுகளும் உரையாசிரியர்களும்

1918-இல் இராமானுஜன் இராயல் கழக உறுப்பினராகவும், அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரி உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயின் 1917 முதலே நோய் அவரை மருத்துவமனைகளில் கிடத்தியிருந்தது. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என இடம் மாறியும் உடல் தேறவில்லை. ஜானகி அம்மையார் உடனிருந்து பேணினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதி மடலில், போலித் தீட்டா சார்புகள் எனத் தாம் பெயரிட்ட புதியவற்றைக் கண்டதாகத் தெரிவித்தார். மீண்டும் எடுத்துக்காட்டுகள், நிறுவல்கள் இல்லை. இம்முறை காரணம் நூலுமன்று, வறுமையுமன்று, காலமின்மை. ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற ஏடுகளுக்கு உரையாசிரியர்கள் தோன்றினர். ஜி. என். வாட்சனும் பி. எம். வில்சனும் முதலில் முயன்றனர். வில்சன் 1935-இல் மறைந்தார். 1957-இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையம் குறிப்பேடுகளை இரு தொகுதிகளாக ஒளியச்சு செய்தது. புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஒவ்வொரு முடிவுக்கும் நிறுவல் தேடி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். இறுதியாண்டின் தாள்கள் வாட்சனின் பெட்டியில் உறங்கி, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. தொலைந்த குறிப்பேடு எனப் பெயர் பெற்ற அத்தாள்களுக்கு ஆண்ட்ரூசும் பெர்ண்டும் எழுதிய ஐந்து தொகுதிகள் 2018-இல் நிறைவெய்தின. போலித் தீட்டா சார்புகளின் மெய்யியல்பு 2002-இல் சுவேகர்ஸ் என்னும் இளைஞரின் ஆய்வேட்டில்தான் விளங்கியது. மடல் எழுதப்பட்டு எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வுரையாசிரியர்கள் கண்டது வியப்புக்குரியது. குறிப்பேடுகளில் தவறுகள் மிகச் சில, பெரும்பாலானவை மெய். எனினும் இராமானுஜன் எவ்வழியே அங்குச் சென்றார் என்பது பலவற்றில் இன்றும் புலனாகவில்லை. நிறுவல்கள் கிடைத்துவிட்டன, அவை அவருடையவை அல்ல. ஒரு பெரும் சிந்தனை நடந்த பாதை முழங்கையில் துடைக்கப்பட்டுப் போயிற்று. மணவாள மாமுனிகள் பெரியாழ்வார் திருமொழியின் உரையை நிறைவு செய்தபின்னும், பெரியவாச்சான் பிள்ளை எழுதியது என்ன என்பது அறியவொண்ணாதது போன்றதே இவ்விழப்பு.

மலையடிவாரத்தின் மற்றொரு மேதை

திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் கடந்து தெற்கே மலையோரமாகச் செல்லும் சாலை தென்காசி, செங்கோட்டைக்குச் செல்கிறது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆசிரியர் ஒருவரின் உதவியால் கற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு பணியாற்றியவர். அவர் எடுத்துக்கொண்டதும் நிறுவலின்றி எழுதப்பட்ட ஒரு வரியையே. எந்த முழு எண்ணையும் குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாத அடுக்கெண்களின் கூட்டலாக எழுதலாம் என 1770-இல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் கூறிச் சென்றார். அவ்வாறோர் எல்லை உண்டு என்பதை ஹில்பர்ட் 1909-இல்தான் நிறுவினார்.

ஆறாம் அடுக்குக்கு அவ்வெல்லை எவ்வளவு? 703 என்னும் எண்ணைக் கொள்வோம். 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது மிகை. 2-இன் ஆறாம் அடுக்காகிய 64 பத்து முறை வரலாம். எஞ்சிய 63-க்கு ஒன்றுகளே வேண்டும். ஆக 73 உறுப்புகள். எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவையில்லை என்பதைப் பிள்ளை 1940-இல் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். 1950-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அவர், ஆகஸ்டு 31-ஆம் நாள் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். நாற்பத்தொன்பது வயதில் நின்ற வாழ்வு அது. ஆயின் அவர் நிறுவல்கள் எழுதப்பட்டு அச்சேறியிருந்தன. பின்வந்தோர் அவற்றை மீட்டெடுக்க வேண்டியிருக்கவில்லை, அவற்றின்மேல் கட்ட முடிந்தது.

பயில்வோர்க்கு

கவிதைக்கும் கணிதத்துக்கும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. கவிஞன் அடித்தும் திருத்தியும் எழுதிய வரிகளை மறைத்து, நின்ற பாடலை மட்டும் தருகிறான். உரையை உரையாசிரியனுக்கு விட்டுவிடுகிறான். அது கவிதைக்கு அழகு. கணிதத்தில் மூலமும் உரையும் ஒருவரே எழுதவேண்டியவை. இராமானுஜன் கவிஞனைப் போலக் கணிதம் எழுதினார். அதற்கு அவர் கொடுத்த விலை இளமையின் பத்தாண்டு.

முழு விடை எழுதுவதால் மாணவன் அடையும் பயன் மூன்று. எழுதும்போது தன் அறியாமை எவ்விடத்தில் நிற்கிறது என்பதைத் தானே காண்கிறான். 3-ஐயும் 4-ஐயும் பிரித்தறியும் வழி அதுவே. எழுதியதைப் பிறர் நம்ப முடிகிறது. தெரிந்தவர் பரிந்துரையும் பெரியோர் அருளும் வேண்டாமலே எழுத்து தனக்காகத் தானே பேசுகிறது. எழுதியவன் மறந்தாலும் மறைந்தாலும் அது பின்வருவோர்க்குப் பயன்படுகிறது. ரோஜர்ஸின் கட்டுரை அதற்குச் சான்று.

இராமானுஜனைப் போற்றுவோர் சிலர், விடையை மட்டும் எழுதும் மாணவனை அவரோடு ஒப்பிட்டு மகிழ்வதுண்டு. அவர் படிகளை வெறுத்து விட்டவரல்லர்; ஒவ்வொரு முடிவுக்கும் சிலேட்டில் பலமுறை எழுதித் துடைத்தவர். தாள் கிடைத்தபோதும், படித்துத் திருத்துவோர் கிடைத்தபோதும் அவர் எழுதினார். அவ்வெழுத்தே அவருக்குப் பட்டமும் புகழும் தந்தது. மாதம் நான்கு ரீம் தாள் வாங்க இயலாமற்போன அவ்வறிஞரின் வாழ்வை அறிந்த பிள்ளைகள், இன்று கையிலுள்ள நோட்டுப் புத்தகத்தில் இரண்டு படிகளுக்கிடையே இன்னும் சில படிகளை எழுதுவார்களாயின், அதுவே அவர் நினைவுக்குச் செய்யும் தக்க சிறப்பாகும்.